புரட்டாசியில் என்ன தின்னும்?

குலசேகரன்பட்டினத்தில் தசராக் கூட்டம் சேரத் தொடங்கும் நாட்கள், ஊரைச் சுற்றி மேயும் ஆடுகளுக்கு ஆண்டிலேயே கெட்ட நாட்கள். வடகிழக்குப் பருவமழை இன்னும் இறங்கியிருக்காது. கோடையில் ஒன்றிரண்டு மழை பெய்தால் பெய்தது, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. தென்மேற்குக் காற்று தன் நீரையெல்லாம் மேற்கு மலையில் இறக்கிவிட்டு, நம் பக்கம் வெறுங்காற்றாக வந்து, ஆனி ஆடி முழுக்கத் தேரி என்னும் மணல்மேடுகளின் மணலை வாரி இறைத்துவிட்டு ஓய்ந்திருக்கும். புல் என்று சொல்ல ஒன்றும் தரையில் இருக்காது. அந்த நேரத்தில்தான் ஊரில் எங்கு பார்த்தாலும் பந்தி நடக்கிறது. இலையில் மிஞ்சிய சோறு தெருமுனையில் குவிகிறது. ஆடு மோப்பம் பிடித்து வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு காலையில், தெரிந்த வீட்டுத் தொழுவத்தில் ஒரு வெள்ளாட்டைப் பார்த்தேன். இடப்பக்க வயிறு பறைபோல் விம்மி நின்றது. வாயில் நுரை தள்ளியது. கால்களை விரித்துத் தலையைத் தொங்கவிட்டபடி நின்றது. விரலால் விலாவுக்குப் பின்னால் அழுத்தினால், உள்ளே கூழ் நிறைந்த பைபோல அமுங்கியது. வீட்டுக்கார ஆச்சி திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “நல்லாத்தான தின்னுச்சு? வயிறு நிறைய சோறு. ராத்திரி பூரா பல்ல நறநறன்னு கடிச்சிச்சு.” மத்தியானம் அது இறந்துவிட்டது. பட்டினியில் அது சாகவில்லை. பட்டினிக் காலத்தில் கிடைத்த தவறான நிறைவில் செத்தது.

ஆட்டின் வயிற்றைப் பானை என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு வயல். நான்கு அறைகள் கொண்ட வயிற்றில் முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆடு தின்பது முதலில் அவற்றுக்குத்தான். அவை புளிக்க வைத்துத் தருவதில்தான் ஆடு வாழ்கிறது. புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர் வேறு, மாவுப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர் வேறு. ஒரு தீவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது உள்ளே குடிகள் மாற வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த அவகாசம் இல்லாமல் ஒரே இரவில் ஒரு படி சோறு உள்ளே போனால், மாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. வயிறு புளித்து, மற்ற நுண்ணுயிர்கள் மடிந்து, அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது. ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். வட அமெரிக்காவில் கடும் பனிக்காலத்தில் காட்டு மான்களுக்கு இரக்கப்பட்டு மக்காச்சோளம் கொட்டுகிறவர்கள் உண்டு. அந்த மான்களும் இதேபோல, வயிறு நிறைந்து செத்துக் கிடக்கின்றன. அதனால் அங்கே பல மாநில வனத்துறைகள் உணவு போடாதீர்கள் என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கின்றன.

இந்த ஒரு சாவில் இருக்கும் செய்திதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது. அசைபோடும் விலங்குக்கு உணவு என்பது எடை அல்ல. அது ஒரு பஞ்சாங்கம். எந்த மாதம் எது என்பதை உடல் எதிர்பார்த்து நிற்கிறது. பதினொரு மாதம் வயிறு நிறைந்து, ஒரு மாதத்துக்கான உணவு மட்டும் இல்லாமல் போனால், அந்த ஒரு மாதம்தான் கணக்கை முடிக்கும். ஆண்டுச் சராசரி அங்கே எதற்கும் உதவாது.

இந்த உண்மையை உலகம் மிகத் தெளிவாகக் கண்டது ஆடு மேயும் தேரியில் அல்ல, பனி மூடிய வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில். அங்கே காரிபு என்ற காட்டுமான் மந்தை மந்தையாக வாழ்கிறது. மனிதர் பழக்கி வளர்க்கும் அதே இனத்தை ரெயின்டீர் என்கிறார்கள். அதன் சாப்பாட்டுக் கணக்கு வியப்பானது. கோடை வந்ததும் பஞ்சுப்புல்லின் மொட்டு, பிறகு குட்டை வில்லோ மரங்களின் தளிர், கோரை வகைகள், இலையுதிரும் முன் காளான்கள். பனி மூடியதும் இவை எல்லாம் போய்விடும். அப்போது அது பெரும்பாலும் ஒரே பொருளை நம்பி வாழ்கிறது. நாம் மளிகைக் கடையில் வாங்கிச் செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடுகிறோமே, அந்தக் கல்பாசியின் உறவுக்காரப் பொருள் அது. பூஞ்சையும் பாசியும் கூடி ஓருடலாக வாழும் ஒரு வகை உயிர். பனிக்கு அடியில் அது இருக்கும் இடத்தை மோப்பத்தால் கண்டு, முன்னங்காலால் பனியைத் தோண்டி எடுத்துத் தின்கிறது. காரிபு என்ற பெயரே கனடாவின் மிக்மாக் மக்கள் மொழியில் பனியைத் தோண்டுவது என்ற பொருளிலிருந்து வந்ததுதான். இந்தப் பாசியில் மாவுச்சத்து நிறைய உண்டு, புரதம் மிகக் குறைவு. அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மந்தை தின்று மிதித்த பாசித்தரை மீண்டும் விளையப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பெரிங் கடலில் செயின்ட் மாத்யூ என்று ஆளில்லாத ஒரு தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் அங்கே 29 ரெயின்டீர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். தின்ன வரும் ஓநாய் இல்லை, வேட்டைக்கு வரும் மனிதன் இல்லை. பாசி பல அங்குல உயரத்துக்குப் படுக்கை விரித்தாற்போல் கிடந்தது. 1957இல் 1,350 மான்கள். 1963இல் 6,000. மூன்று ஆண்டு கழித்து, 1966இல் ஆய்வாளர் டேவிட் க்ளைன் திரும்பப் போய் எண்ணியபோது உயிரோடிருந்தவை 42. தீவெங்கும் எலும்புகள். 42இல் ஆண் ஒன்றே ஒன்று, குட்டி ஒன்றுகூட இல்லை. கோடையில் தீவு பசுமையாகத்தான் இருந்தது. அந்தப் பசுமையைப் பார்த்தவர் யாரும் இங்கே உணவுக்குப் பஞ்சம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தீர்ந்துபோனது பனிக்கால உணவு மட்டும். 1963-64இல் ஒரு கடும் பனிக்காலம் வந்து அந்த வெற்றிடத்தைக் காட்டிக்கொடுத்தது.

உணவு இருந்தும் எட்டாமல் போவது இன்னொரு வகை. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், பனி விழ வேண்டிய நேரத்தில் மழை பெய்தது. விழுந்த மழை பனியின் மேல் கண்ணாடித் தகடாக உறைந்தது. பாசி அடியில் இருந்தது, குளம்பால் உடைக்க முடியவில்லை. நெனெத்ஸ் மக்கள் மேய்த்த ரெயின்டீர்களில் 61,000 பட்டினியால் செத்தன. மூன்றாவது வகை, நேரம் தப்புவது. மேற்குக் கிரீன்லாந்தின் கங்கெர்லுசுவாக் பகுதியில் வெப்பம் கூடித் தாவரங்கள் முன்னதாகவே தளிர்க்கத் தொடங்கின. காரிபுவோ வழக்கமான நாளிலேயே குட்டி போட்டது. தாய்க்குப் பால் ஊற வேண்டிய நேரத்தில் தளிர் முற்றிப்போயிருந்தது. குட்டிகளின் சாவு கூடியதை 2008இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. துருவப் பகுதியில் வலசை போகும் காரிபுக் கூட்டங்கள் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் 65 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2024இல் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனத்தின் துருவ அறிக்கை சொன்னது. அதற்குக் காரணங்கள் பல. பருவ உணவு குலைந்தது அவற்றில் முக்கியமான ஒன்று.

உணவு தீர்வது, இருந்தும் எட்டாதது, வேளை தப்புவது. பனியே இல்லாத நம் ஊரில் இந்த மூன்றும் எங்கே வரும் என்று கேட்கலாம். மூன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்திலிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் வல்லநாடு. நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்குப் பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் அந்த மொட்டைக் குன்றைப் பார்த்திருப்பார்கள். 1987இல் அது வெளிமான் சரணாலயம் ஆனது. பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான். இதற்குத் தெற்கே கிடையாது. திருகிய கொம்பும் கறுத்த முதுகுமாக நிற்கும் ஆணைக் கலைமான் என்கிறோம். தொல்காப்பிய மரபியல் இந்த மானைப் புல்வாய் என்று குறிப்பிட்டு, ஆணுக்கு இரலை, கலை என்ற பெயர்களை உரிமையாக்குகிறது. புல்வாய் என்ற பெயரில் புல் முன்னால் நிற்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகப் படும். முதலில் அது புல் தின்னி. மற்றதெல்லாம் புல் தீர்ந்த பிறகுதான்.

அதன் ஆண்டை நம் மாதங்களில் சொன்னால் இப்படி வரும். ஐப்பசியில் மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் குன்றடி பச்சை பிடிக்கிறது. கார்த்திகை, மார்கழி முழுக்க இளம்புல். தையில் புல் கதிர் விட்டுப் பழுக்கிறது. மாசி கடந்ததும் காய்ந்த தாளாக நிற்கிறது. பங்குனியிலிருந்து மான் தலையைத் தரையிலிருந்து உயர்த்துகிறது. செடி கொடிகளின் இலை, இலந்தைத் தழை, பிறகு வேல மரங்களின் நெற்று. ஆனியிலிருந்து புரட்டாசி வரை இருப்பதைக் கொறித்துக் கொழுப்பைக் கரைத்து ஓட்டுகிறது. குஜராத்தின் வேளாவதார் புல்வெளியில் வெளிமானை ஆராய்ந்தவர்களும் இதே வரிசையைக் கண்டார்கள். மழைக்குப் பின் புல், வறட்சியில் சீமைக்கருவேல நெற்று.

இங்கே ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுகின்றன. செரிப்பது மந்தமாகிறது. தின்றது வெளியேறாததால் புதிதாகத் தின்ன இடமில்லை. இளம்புல்லில் இதைவிடத் தாராளமாகப் புரதம் உண்டு. காய்ந்து வெளுத்த தாளில் மூன்று நான்கு சதவீதம்தான். ஆகவே குன்றடி முழுக்கக் காய்ந்த புல் நிற்கும்போதே மான் பட்டினி கிடக்க முடியும். சரணாலயத்தில் புல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்த மாதத்துப் புல் என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் நம் மரங்கள் இருந்தன. குடையாக விரிந்து நிற்கும் உடை, உசில், விடத்தலை, இலந்தை. வேர் ஆழமாகப் போவதால் தரை வறண்ட பிறகும் இவற்றில் தழை இருக்கும். தழையிலும் நெற்றிலும் புரதம் இருக்கும். காய்ந்த புல்லோடு ஒரு கைப்பிடி நெற்று சேர்ந்தால், அந்தப் புல்லும் செரிக்கும். இது மானுக்கு எப்படியோ அப்படித்தான் தேரி ஓரத்து வெள்ளாட்டுக்கும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கோடையில் தொரட்டியைத் தூக்கிக்கொண்டு உடங்காட்டுக்குள் போவார்கள். ஆடு மரத்தடியில் முன்னதாகவே காத்து நிற்கும். கிளையை உலுக்கியதும் சடசடவென்று நெற்று விழும். மணலில் புதைவதற்குள் ஆடு பொறுக்கி முடித்துவிடும். மிச்சத்தைச் சாக்கில் கட்டி வைத்து ஆடி ஆவணிக்கு வைத்துக்கொள்வார்கள். கொடியாடு என்ற உயரமான இனம் தூத்துக்குடி மாவட்டத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் உரியது. வெள்ளையில் கருப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. அது பின்னங்காலில் நிமிர்ந்து நின்று உடை மரத்தின் முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இலையை மட்டும் உருவுவதை ஒரு முறை நின்று பாருங்கள். அந்த உடம்பு புல்லுக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல என்பது தெரியும்.

செம்மறிக்குக் கணக்கு வேறு. அது தரையில் மேய்வது. பிசானப் பருவ நெல் அறுத்த பிறகு, மாசி பங்குனியில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்து வயல்களுக்குக் கிடை இறங்கும். அறுத்த தாளின் அடியில் துளிர்க்கும் புல், வரப்புப் பூண்டு, சிந்திய நெல். வயலுக்கு எரு, ஆட்டுக்கு இரண்டு மாதச் சாப்பாடு. கார் பருவ நடவு வந்தால் கிடை கிளம்ப வேண்டும். மேட்டு நிலத்துக்குத் திரும்பும். காரிபுவின் வலசையும் கிடையின் நடையும் ஒரே காரணத்துக்காக நடப்பவை. ஓரிடத்தில் ஓராண்டுக்கான சாப்பாடு கிடையாது.

பனையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பலர் சேர்ப்பதில்லை. ஆவணி புரட்டாசியில், மற்ற எல்லாம் தீர்ந்த வேளையில், பனம்பழம் விழுகிறது. விழுந்த பழத்தின் நாரை மாடு சப்பிச் சப்பி வெளுக்க வைத்துவிடும். ஆடும் விடாது. பனையைப் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் கிழங்குக்கும் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். பஞ்ச மாதத்தில் தானாக வந்து விழும் தீவனமாக யாரும் எண்ணியதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் விதித்தது நல்லது. ஆனால் வெட்டிப்போன மரங்களின் பழம் இனி எந்தப் புரட்டாசியிலும் விழப்போவதில்லை.

இனிக் கெடுவது எங்கே என்று பார்ப்போம்.

முதல் கேடு சீமைக்கருவேலம். எங்கள் பக்கத்தில் சீமை உடை என்றும் சொல்வார்கள். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் முதலில் விதைக்கப்பட்டது. விறகுக்கு என்று வந்தது. அதன் நெற்று நம் உடை நெற்றைவிடத் தித்திப்பு. ஆடு, மாடு, மான் எதுவும் அதை விடாது. விதைக்குக் கெட்டியான ஓடு. வயிற்றில் செரிக்காமல், முளைப்பதற்கு இன்னும் தயாராக, எருவோடு வெளியே வருகிறது. தின்ற விலங்கே அதை நட்டுவிட்டுப் போகிறது. முளைத்தது புதராகி நிழல் விரித்து நீரை உறிஞ்ச, அடியில் புல் இல்லாமல் போகிறது. அதாவது கோடையில் மானைக் காப்பாற்றிய நெற்று, மார்கழியில் மான் தின்ன வேண்டிய புல்லை அழிக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில், 1967இல் வெளிமானுக்கென்றே அமைத்த சரணாலயத்தில், இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்து வருகிறது. இருக்கும் புல்லுக்கு அங்கே திரியும் காட்டுக்குதிரைகள் வேறு போட்டி.

நெற்றை மட்டுமே தின்று நெடுநாள் ஓட்டினாலும் ஆபத்து. சர்க்கரை மிகுந்த நெற்று வயிற்றைப் புளிக்க வைக்கும். மாதக்கணக்கில் அதையே தின்ற மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தாடைத் தசை இளைத்து, முகம் ஒரு பக்கம் கோணி, அசைபோட முடியாமல் மெலியும் நோய் வருவதைப் பிரேசிலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நெற்றில் உள்ள ஒரு நச்சுப் பொருள் தாடையை இயக்கும் நரம்புகளைத் தாக்குகிறது. ஆகவே நெற்று துணைத் தீவனமாகத்தான் இருக்க முடியும், முழுச் சாப்பாடாக அல்ல.

அப்படியானால் வெட்டிவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் உத்தரவின்படி தென்மாவட்டங்களில் பொக்லைன்கள் இறங்கியதை நாம் பார்த்தோம். 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அதில் அகற்றுவதோடு நிலத்தை மீட்டெடுப்பதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இரண்டாம் பாதிதான் உயிர். உடையும் உசிலும் ஏற்கெனவே அருகிப்போன நிலத்தில், ஆனி முதல் புரட்டாசி வரை கிடைக்கும் ஒரே பச்சை இந்த அந்நிய மரம்தான் என்றால், அதை ஒரே கோடையில் வழித்தெடுத்தால் அந்த ஆண்டுப் புரட்டாசியில் மானுக்கு என்ன இருக்கும்? செயின்ட் மாத்யூ தீவில் மான்களே செய்ததை இங்கே பொக்லைன் செய்யும். வெட்டாமல் விட்டால் மழைக்காலப் புல் போகிறது, ஒரேயடியாக வெட்டினால் வறட்சிக்கால நெற்று போகிறது. துண்டு துண்டாக அகற்றி, அகற்றிய துண்டில் புல்லும் உடையும் இலந்தையும் நிலைத்த பிறகே அடுத்த துண்டுக்குப் போவதுதான் வழி. ஒரு உடைக் கன்று நெற்று விடும் மரமாகச் சில ஆண்டுகள் ஆகும். டெண்டர் காலக்கெடுவுக்குள் அது அடங்காது என்பதும் எனக்குத் தெரியும். மரத்தின் கணக்குக்கு டெண்டர்தான் வளைய வேண்டும்.

இரண்டாவது கேடு மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்வது. அந்த மழை எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட எத்தனை நாளாகப் பிரிந்து விழுகிறது என்பதே புல்லுக்கு முக்கியம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓராண்டுக்கு மேலான மழை ஒரே நாளில். குலசையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்தான். தாமிரபரணிக் கரையில் வீடும் வயலும் போனதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. ஆடுமாடுகள் கூட்டமாகச் செத்ததும் பதிவானது. எழுதப்படாத ஒன்றும் உண்டு. அப்படி அடித்துப் போகும் மழை விதையையும் மேல்மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. இருபது நாள் தூறலாகப் பெய்திருந்தால் தை வரை புல் இருந்திருக்கும். ஆண்டுக் கணக்கேட்டில் அந்த ஆண்டு நல்ல மழை ஆண்டு. மேய்ச்சல் நிலத்துக்கு அப்படி அல்ல.

மழை தள்ளிப்போனாலும் சிக்கல்தான். கார்த்திகை பாதிவரை காத்துக் கிடந்த செம்மறி, திடீரென்று முளைத்த இளம்புல்லில் பாய்ந்து மேய்ந்தால் துள்ளுமாரி நோய் வரும். குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் கிருமி, செழித்த இளந்தீவனம் கிடைத்ததும் பெருகி நஞ்சைக் கக்குகிறது. கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து சாகும். மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிட வேண்டும். மழை வந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. பசும்புல்லில் அவிழ்க்கும் முன் காலையில் கொஞ்சம் காய்ந்த தாள் கொடுத்து அனுப்புவது பழைய ஆட்டுக்காரர்களின் வழக்கம். வயிற்றுக்குள் இருக்கும் வயலுக்கு அது அவகாசம் தருகிறது. பந்திச் சோற்றுக்கும் இதே விதி. மிச்சச் சோற்றைக் குழி வெட்டி மூட வேண்டும். தின்றுவிட்ட ஆட்டுக்குச் சமையல் சோடா கரைத்து ஊற்றுவது முதலுதவி. அதோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு வீங்கி விடியும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

மூன்றாவதை எச்சரிக்கை என்பதைவிடக் கேள்வி என்றே வைக்கிறேன். குலசையில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது, அன்றைக்கே இங்கிருந்து ஒரு ரோகிணி ஆய்வு ராக்கெட்டும் பறந்தது. 2,200 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். ஊருக்கு அது வரட்டும். நானும் அன்று வானத்தைப் பார்த்து நின்றவன்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்துக்காக வேலியிட்ட காடு இன்றும் காடாக நிற்பதையும் மறுப்பதற்கில்லை. வேலி ஒரு நிலத்தைக் காக்கவும் செய்யும். ஆனால் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி மேயும் விலங்குக்கு நிலத்தின் அளவைவிட வழி முக்கியம். ஆண்டில் நாற்பது நாள் மட்டும் நடக்கும் பாதை, மீதி நாட்களில் பாதையாகவே தெரியாது. அளக்க வருகிறவர் தையில் வந்தால், அங்கே ஆட்டுத் தடம்கூட இருக்காது. யமாலில் பனித்தகடு செய்ததை ஒரு கம்பிவேலி செய்ய முடியும். உள்ளே உடை நெற்று உதிர்ந்து கிடக்கும், வெளியே ஆடு நிற்கும். எந்தத் துண்டில், எந்த மாதத்தில் மந்தை இறங்கும் என்பதைச் சுற்றுக் கிராமத்து ஆட்டுக்காரர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறிக்க ஒரு வாரம் போதும். உள்ளே இருக்கும் உடை மரங்களின் நெற்றைக் கோடையில் பொறுக்கிக்கொள்ள அனுமதித்தால் அது இன்னும் நல்லது.

நெல்லை தூத்துக்குடி நாற்கரச் சாலையும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. மழைக்காலத்தில் வல்லநாட்டு மான் குன்றடியை விட்டு அதிகம் நகர வேண்டியதில்லை. வறட்சியில் நீருக்கும் பச்சைக்கும் அது சாலைப் பக்கம் இறங்கித்தான் ஆக வேண்டும்.

மானை எண்ணுகிறோம். எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குட்டி. நல்லது. 1963இல் செயின்ட் மாத்யூ தீவிலும் எண்ணினார்கள், 6,000 வந்தது. மானோடு சேர்த்துப் புரட்டாசித் தழையையும் எண்ண வேண்டும். குன்றடியில் குறித்த சில இடங்களில், ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முந்தைய வாரத்தில், எட்டும் உயரத்தில் எத்தனை இலை மிச்சம், எந்த மரத்தில் நெற்று மிச்சம், தரையில் மிச்சப் புல்லின் நிறம் என்ன என்று. அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். ஒரு நோட்டும், மரத்தின் பெயர் தெரிந்த ஒருவரும் போதும்.

மரத்தின் பெயர் தெரிந்த ஒருவரைப் போன புரட்டாசியில் தேரி ஓரத்தில் சந்தித்தேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இருபது இருபத்தைந்து வெள்ளாடுகள். தோளில் தொரட்டி, இடுப்பில் சாக்கு.

“அண்ணாச்சி, உடையா தட்டுதிய?”

“உடைக்கு எங்க தம்பி போவ? அந்தா தெரியுதுல்லா, அது ஒண்ணுதான் நிக்கி. இதெல்லாம் சீமை உடை. இதத்தான் திங்குது.”

“இது வேண்டாம்னு சொல்லுதாங்களே. வெட்டணும்னு.”

“வெட்டட்டும். வெட்டிட்டு அந்த எடத்துல என்னத்த வைப்பாவ? அதச் சொல்லச் சொல்லுங்க.”

நெற்றை அரைத்துக் கொடுத்தால் விதை செத்துப்போகும், பரவாது என்று சொன்னேன். அரைக்க ஆகும் கூலியைக் கேட்டார். மூட்டைக்கு ஆகும் செலவைச் சொன்னதும் ஆடுகளைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. பிறகு குனிந்து மணலிலிருந்து காய்ந்த புழுக்கை ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார். தூள் காற்றில் போனது. உள்ளங்கையில் பழுப்பு நிறத்தில், பளபளவென்று, இரண்டு விதை மிச்சம் இருந்தது. என் கையில் போட்டார்.

“மழைக்கு இது மொளச்சிரும் பாத்துக்கிடுங்க” என்றார். அவர் தொரட்டியால் காட்டிய அந்த ஒற்றை உடை மரத்தடியில் ஆறேழு ஆடுகள் தலையை உயர்த்தி நின்றன. எட்டும் உயரத்தில் அதில் இலை இல்லை.